அலை நடுவே அடங்கும் எஞ்சின்

ஆம்பூர், வேலூர்ப் பக்கத்துக் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் படகு எஞ்சினைப் பற்றி எழுதப் புகுந்தால், "தோல் ஊறும் தொட்டியைத் தவிர வேறு நீர்நிலையைக் காணாத ஊரில் படகுக்கு என்ன வேலை?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று எங்கள் ஊர்களை ஒட்டி வரும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். ஆனால் அந்த மணல் ஆறும் கல்பாக்கத்திற்குத் தெற்கே வயலூர் அருகில் கடலைத் தொட்டுவிடுகிறது. அங்கிருந்து வடக்கே பழவேற்காடு வரையிலும் தெற்கே கன்னியாகுமரி வரையிலும் கரையில் ஏற்றி வைத்திருக்கும் கண்ணாடி நாரிழைப் படகுகளைப் பாருங்கள். பாயும் துடுப்பும் இருந்த இடத்தில் இன்று எஞ்சின் இருக்கிறது. 1980களில் கட்டுமரங்களிலும் வள்ளங்களிலும் மெல்லப் புகுந்த இவ்வெஞ்சின்கள், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக நாரிழைப் படகுகள் ஏராளமாக வந்தபோது கரையெங்கும் பரவின. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது மீனவர்கள் கொண்டுவந்து மக்களை மீட்டதும் இவ்வகைப் படகுகளில்தான்.

இந்த எஞ்சின்களுக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை இரண்டு வகையுள் அடங்கும். எண்ணெய் ஒழுங்காக வந்து சேராமை ஒன்று; வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடுவது மற்றொன்று. இரண்டாவதை மெக்கானிக்குகள் "ஐடிலிங் நிக்கல" என்பார்கள். சாலையில் வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம். கடலில் அது நடவாது. அதிலும் எஞ்சின் எந்த இடத்தில் நிற்கிறது என்பது முக்கியம்.

மீனவர் கரை திரும்பும் விதத்தைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். அலை உடையும் இடத்துக்குச் சற்று வெளியே வேகத்தைக் குறைத்து, எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, பின்னால் வரும் அலைகளைப் பார்த்தபடி காத்திருப்பார். பெரிய அலைகள் கடந்து சிறியவை வரும் இடைவெளியில் சட்டென்று வேகம் கொடுத்து, ஓர் அலையின் முதுகைப் பற்றிக்கொண்டு கரைக்கு வந்துவிடுவார். 1 மீட்டர் உயரமுள்ள அலை, நீரின் ஆழம் ஏறத்தாழ 1.3 மீட்டராகக் குறையும் இடத்தில் உடைகிறது. ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம் காண, ஈர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வினாடிக்கு 3.6 மீட்டர், அதாவது மணிக்கு 13 கிலோமீட்டர் என்று விடை வரும். படகு அதற்கு ஈடாக ஓடும் வரையில் கவலையில்லை. அந்த இடத்தில் எஞ்சின் அடங்கினால், பின்னால் வரும் அலை படகின் பின்புறத்தைத் தூக்கிக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். மெல்ல ஓடிக்கொண்டு நிற்பதும், நின்ற வேகத்திலிருந்து திடீரென்று முடுக்குவதும் ஆகிய இரண்டும் எஞ்சினுக்கு மிகக் கடினமான வேலைகள். உயிருக்கு ஆபத்தான இடத்தில் அந்த இரண்டையுமே கேட்கிறோம். ஏன் கடினம் என்பதைத்தான் இங்குக் காணப்போகிறோம்.

எண்ணெய் வரும் வழி

படகின் பின்பலகையில் மாட்டும் எஞ்சினை ஓலே எவின்ரூட் என்பவர் அமெரிக்காவில் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய சிறிய எஞ்சின்களில் எண்ணெய் வரும் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். படகில் தனியே ஒரு டாங்கி. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய். குழாயின் நடுவே எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய ரப்பர் குமிழ் ஒன்று, இதுதான் கைப்பம்பு. அதன் இரு முனைகளிலும் எண்ணெயை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வுகள் உண்டு. அப்பால் ஒரு வடிகட்டி, அதையடுத்து எஞ்சினோடு ஒட்டிய சவ்வுப் பம்பு, இறுதியில் கார்புரேட்டர்.

சவ்வுப் பம்பு அழகான கருவி. அதற்கென்று மோட்டாரோ பல்சக்கரமோ கிடையாது. இரு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் மேலேறும்போது கீழேயுள்ள கிராங்க் அறையில் அழுத்தம் குறையும். பிஸ்டன் இறங்கும்போது கூடும். இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு சிறு துளை வழியாக ரப்பர் சவ்வின் ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், சவ்வு துடிக்கும். மறுபக்கத்தில் எண்ணெயை இழுத்துத் தள்ளும். எஞ்சின் நிமிடத்திற்கு 5,000 சுற்று ஓடினால் சவ்வு வினாடிக்கு 83 முறை துடிக்கிறது. அந்தச் சவ்வில் ஊசிமுனையளவு ஓட்டை விழுந்தால் இரட்டை நோய் வரும். வேக ஓட்டத்தில் எண்ணெய் போதாது. மெல்ல ஓடும்போதோ, ஓட்டை வழியே எண்ணெய் நேராகக் கிராங்க் அறைக்குள் கசிந்து, புகை கக்கி, பிளக்கை நனைத்து எஞ்சினை நிறுத்திவிடும்.

நிறைந்த டாங்கியின் விந்தை

டாங்கி மூடியில் காற்றுப் போவதற்கென்று ஒரு சிறு திருகு உண்டு. கடல்நீர் உள்ளே போகாதிருக்க அதை மூடிவைப்பார்கள். புறப்படும்போது திறக்க மறந்தால் என்ன ஆகும்? டாங்கியில் எண்ணெய் குறையக் குறைய உள்ளே உள்ள காற்று விரிந்து, அழுத்தம் குறைந்து, எண்ணெய் வராமல் நின்றுவிடும் என்று பள்ளி மாணவர்களே சொல்லிவிடுவார்கள். எவ்வளவு நேரத்தில் நிற்கும் என்று கணக்குப் போட்டால்தான் விந்தை தெரியும்.

25 லிட்டர் டாங்கியில் 24 லிட்டர் மண்ணெண்ணெய் இருக்கிறது என்று கொள்வோம். காற்றுக்கு மிச்சம் 1 லிட்டர் இடம். எஞ்சின் 300 மில்லிலிட்டர் எண்ணெயைக் குடித்ததும் அந்தக் காற்று 1.3 லிட்டராக விரிகிறது. பாயில் விதிப்படி அழுத்தம் 1.3இல் ஒரு பங்காகக் குறைந்து, வெளியே உள்ளதில் 77 விழுக்காடு மட்டுமே இருக்கும். குறைந்த 23 விழுக்காடு என்பது 3 மீட்டர் உயர மண்ணெண்ணெய்த் தூணின் எடைக்குச் சமம். அந்தச் சிறு சவ்வால் அவ்வளவு இழுக்க முடியாது. 10 குதிரைத்திறன் கொண்ட இரு வீச்சு எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 5 லிட்டர் எரிக்கும் என்று கொண்டால், 300 மில்லிலிட்டர் காலியாக மூன்றரை நிமிடம் போதும். கரையை விட்டுக் கிளம்பி அலைகளைத் தாண்டும் வேளைதான் அது.

அதே டாங்கியில் பாதிதான் எண்ணெய் இருந்தது என்றால்? காற்று 12.5 லிட்டர். 300 மில்லிலிட்டர் குறைந்ததும் அழுத்தம் இரண்டரை விழுக்காடுகூடக் குறையாது. எஞ்சின் நெடுநேரம் ஓடும். ஆகவே மூடிய டாங்கி நிறைந்திருக்கும்போதுதான் விரைவில் காலை வாரும். "நேற்று அரை டாங்கியில் நன்றாகப் போயிற்று, இன்று நிரப்பிக்கொண்டு வந்தேன், நின்றுவிட்டது, கலப்பட எண்ணெயை ஊற்றிவிட்டான்" என்று எண்ணெய்க்காரரைக் குறை சொல்வதற்கு முன் மூடியின் திருகைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. பெட்ரோலானால் அதன் ஆவி காலி இடத்தை ஓரளவு நிரப்பிவிடும். எனவே நோய் சற்றுத் தாமதமாக வரும். பிளாஸ்டிக் டாங்கியானால் அதன் பக்கங்கள் உள்வாங்கியிருக்கும்; கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

குமிழைப் பிடித்து நாடி பார்த்தல்

வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் கைப்பம்பைப் பிடித்துப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். இதற்கு ஒரு கருவியும் வேண்டாம்.

எஞ்சினைக் கிளப்பும் முன் குமிழை அழுத்தி அழுத்தி விடுகிறோம். சில அழுத்தங்களில் அது கல்போல் இறுகினால், எண்ணெய் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் வரை போய் நிறைந்து, மிதவை உயர்ந்து, ஊசி வால்வை அடைத்துவிட்டது என்று பொருள். டாங்கி முதல் கிண்ணம் வரை வழி சரி. அதற்குப் பின்னும் எஞ்சின் பட்டினியால் திணறினால் குற்றம் கார்புரேட்டருக்குள் இருக்கிறது.

எத்தனை முறை அழுத்தினாலும் குமிழ் இறுகவே இல்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது. அல்லது குமிழின் வால்வு கெட்டுவிட்டது. அல்லது ஊசி வால்வு அடைபடாமல் கிண்ணம் வழிகிறது. வழிந்தால் கார்புரேட்டரின் அடியில் சொட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது குமிழ் சப்பி ஒட்டிக்கொண்டால், அடைப்பு குமிழுக்கும் டாங்கிக்கும் இடையில் உள்ளது; மூடியின் காற்றுத் திருகு முதற் சந்தேகத்துக்குரியது. எஞ்சின் திணறும்போது குமிழைக் கையால் அழுத்திக்கொடுத்தால் மீண்டும் கம்பீரமாக ஓடுகிறதா? அப்படியானால் சவ்வுப் பம்பு செய்ய வேண்டிய வேலையை உங்கள் கை செய்துகொண்டிருக்கிறது.

குழாயில் காற்று இழுப்பதைக் கண்டுபிடிப்பது சற்றுச் சிரமம். எண்ணெய் வெளியே கசிந்தால் தெரியும். காற்று உள்ளே கசிவது தெரியாது. குமிழுக்கு முன்னுள்ள பகுதியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. எனவே அங்கு ஒரு கிளிப் தளர்ந்திருந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். பம்பு ஸ்டவ்வில் காற்றடிக்கும் தண்டின் நுனியில் தோல் வாஷர் ஒன்று இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். நம் ஊர்த் தோல் அப்படியும் பயன்பட்டது. அது காய்ந்து சுருங்கிவிட்டால் எத்தனை முறை இழுத்து அடித்தாலும் ஸ்டவ்வில் காற்று ஏறாது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வாஷரை விரித்துப் போட்டால்தான் வேலை செய்யும். படகுக் குழாயின் இணைப்பிலுள்ள ரப்பர் வளையத்தின் கதையும் அதுவே; வெயிலில் காய்ந்து வெடித்த வளையத்தை எத்தனை இறுக்கினாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மெல்ல ஓடுவது ஏன் கடினம்?

இப்போது கார்புரேட்டருக்குள் நுழைவோம். குழாய் குறுகும் இடத்தில் பாய்மம் வேகமாகவும், வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறைந்தும் இருக்கும் என்பது 1738இல் டேனியல் பெர்னூலி தம் நூலில் வகுத்த கருத்தின் விளைவு. இத்தாலியரான வெஞ்சுரி 1797இல் குறுகிய குழாய்களை வைத்துச் சோதனைகள் செய்து வெளியிட்டார். குறுகிய கழுத்தில் ஒரு சிறு துளையை வைத்தால் பெட்ரோல் தானாக மேலேறிக் காற்றில் தூவப்படும் என்பதை எஞ்சினுக்குப் பயன்படுத்தியவர்களுள் ஜெர்மனியின் மேபாக் முக்கியமானவர், ஆண்டு 1893.

எஞ்சின் வேகமாக ஓடும்போது கழுத்தில் காற்று வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அழுத்தக் குறைவு 1,500 பாஸ்கல். கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் துளையின் வாய்க்கு ஏற 5 மில்லிமீட்டர் உயர வேண்டும் என்றால், அதற்குத் தேவை 36 பாஸ்கல்தான். தாராளமாக ஏறிவிடும்.

வேகத்தைக் குறைக்கிறோம். காற்றின் வேகம் பத்தில் ஒன்றாகி 5 மீட்டர் ஆகிறது. அழுத்தக் குறைவோ பத்தில் ஒன்றாவதில்லை. வர்க்க விதிப்படி நூறில் ஒன்றாகிறது. 15 பாஸ்கல்! தேவையான 36இல் பாதிகூட இல்லை. பெட்ரோல் துளையின் வாய்க்கே வராது. அதாவது வேக ஓட்டத்துக்காக அமைந்த மெயின் ஜெட், மெல்ல ஓடும்போது வேலையே செய்வதில்லை. எஞ்சின் அப்போது வேறொரு வழியில் பிழைக்கிறது.

அந்த வழி இது. வேகத்தைக் குறைக்கும்போது திராட்டில் தகடு காற்றுக் குழாயை ஏறத்தாழ அடைத்துவிடுகிறது. தகட்டுக்கு அப்பால், எஞ்சின் பக்கத்தில், நல்ல உறிஞ்சல் இருக்கும். சரியாகத் தகட்டின் விளிம்பையொட்டி அந்தப் பக்கத்தில் ஒரு சிறு துளை போட்டு, அதற்குக் கிண்ணத்திலிருந்து தனியாக ஒரு நுண்வழி வைத்திருக்கிறார்கள். அந்த நுண்வழியின் காவலாளிதான் ஸ்லோ ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே "வேகமாக ஓட்டினால் நன்றாகப் போகிறது, மெதுவாக்கினால் நிற்கிறது" என்று ஒருவர் சொன்னால், டாங்கியையும் பம்பையும் குடைய வேண்டியதில்லை. எண்ணெய் தாராளமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. ஸ்லோ ஜெட்டைப் பார்க்க வேண்டும். மாறாக, "மெதுவாக ஓடுகிறது, வேகம் கொடுத்தால் சற்று ஓடிப் பிறகு அடங்குகிறது" என்றால் எண்ணெய் வரத்தில் குறை. கிண்ணத்தில் இருந்ததைக் குடித்துவிட்டுப் பட்டினி கிடக்கிறது.

ஸ்லோ ஜெட்டில் படியும் பிசின் எவ்வளவு கெடுதல் செய்யும்? 0.45 மில்லிமீட்டர் துளை, பிசின் படிந்து 0.36 ஆயிற்று என்று கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத மாற்றம். ஆனால் துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே வரும் பெட்ரோல் 64 விழுக்காடாகக் குறையும். முன்பு 13 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்று இருந்த கலவை, இப்போது 20 பங்குக்கு 1 என்றாகிவிடும். பெட்ரோல் முழுதும் எரியத் தேவையான காற்று எடையில் 14.7 பங்கு. 20 பங்கு காற்று என்பது, மெல்ல ஓடும் எஞ்சினில் பற்றவே பற்றாத அளவுக்கு மெலிந்த கலவை.

அடைப்பு என்றதும் ஸ்டவ் பின்னைத் தேடுகிறவர்கள் உண்டு. ஸ்டவ் நிப்பிளுக்குச் செய்த வைத்தியத்தை ஜெட்டுக்குச் செய்யக் கூடாது. பித்தளை மென்மையானது. எஃகுக் கம்பி துளையை 0.45இலிருந்து 0.50 ஆக்கிவிட்டால் பெட்ரோல் 23 விழுக்காடு கூடிவிடும். பிறகு வாழ்நாள் முழுதும் கரும்புகையும் நனைந்த பிளக்கும்தான். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றால் ஊதலாம். பிடிவாதமான பிசினுக்கு ஒற்றை நைலான் இழை போதும். வலை வைத்திருப்பவரிடம் அதற்குப் பஞ்சமில்லை. இந்த வேலை நடக்கும் இடத்தில் பீடி நெருப்பும் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே கலைந்து போகாமல் படகின் அடித்தளத்தில் குளம்போலத் தங்கி நிற்கும்.

நோய் பெட்ரோல் குறைவா, மிகுதியா என்று தெரியாவிட்டால் சோக்கைச் சிறிது இழுத்துப் பாருங்கள். சோக் காற்றைக் குறைத்துக் கலவையைத் தடிக்கச் செய்வது. அதனால் எஞ்சின் தெளிந்தால் பெட்ரோல் போதவில்லை. மேலும் திணறினால் ஏற்கெனவே மிகுதி. டி.வி.எஸ். மொபெட்டின் பழைய கார்புரேட்டரிலும் இதே சோதனை பலிக்கும். 2020 ஏப்ரல் முதல் வரும் புதிய இருசக்கர வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் முறைத் தெளிப்பான் வந்துவிட்டதால், இனிவரும் மாணவர்களுக்குச் சோக் என்ற சொல்லே புதிதாக இருக்கலாம்.

திருகை எந்தப் பக்கம் திருப்புவது?

ஐடிலிங்குக்கு இரண்டு திருகுகள் உண்டு. ஒன்று திராட்டில் தகட்டைச் சற்றே திறந்து பிடிப்பது, மற்றொன்று கலவைக்கு. இந்த இரண்டாவதில்தான் குழப்பம். சில கார்புரேட்டர்களில் அது காற்றின் வழியில் இருக்கும். உள்ளே இறுக்கினால் காற்று குறைந்து கலவை தடிக்கும். வேறு சிலவற்றில் அது எஞ்சின் பக்கத்தில் கலவையின் வழியிலேயே இருக்கும். இறுக்கினால் கலவை மெலியும். ஒரே செயல், நேர்மாறான விளைவு! எது எந்த வகை என்று தெரியாமல் திருப்புகிறவர் நோயை வளர்க்கிறார். எந்த வகையானாலும், முனை மெல்லத் தொடும் வரை மட்டும் உள்ளே திருப்பி, கையேடு சொல்லும் அளவு (பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு சுற்றுக்குள்) வெளியே திருப்பித் தொடங்க வேண்டும். பலங்கொண்டு இறுக்கினால் கூம்பு முனையில் வரி விழுந்துவிடும். பின் எந்த நிலையிலும் அளவு நில்லாது.

எஞ்சின் சூடான பின், படகு நீரில் இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். இவ்வகை எஞ்சின்களில் புகை, நீருக்குள் விசிறியின் அருகே வெளியேறுகிறது. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் புகை வெளிவர வேண்டுமானால் அந்த நீரை விலக்க 3,000 பாஸ்கல் எதிரழுத்தம். கரையில் வைத்து, குளிர்விக்கக் குழாய் நீர் விட்டு, நேர்த்தியாக ஓடச் செய்த எஞ்சின் கடலில் இறங்கி கியர் போட்டதும் அடங்குவது இதனாலும், விசிறியின் சுமையாலும்தான். இரு வீச்சு எஞ்சினில் இன்னொரு சங்கடமும் உண்டு. திராட்டில் மூடியிருக்கையில் உள்ளே வரும் புதுக் கலவை மிகக் கொஞ்சம். முந்தைய வெடிப்பின் புகை சிலிண்டரை விட்டு முழுதும் போவதில்லை. புகை கலந்த கலவை சில முறை பற்றும், சில முறை பற்றாது. "டக்... டக் டக்... டக்" என்று அது தவறித் தவறி ஓடுவது இதனால்தான். இதை முற்றிலும் போக்கிவிட வேண்டும் என்று திருகோடு மல்லுக்கட்டுவது வீண்.

கலவையை மெலியவிட்டால் ஐடிலிங் ஓசை இனிமையாக இருக்கும். அதில் மயங்கக் கூடாது. திடீரென்று வேகம் கொடுக்கும்போது காற்று உடனே பாய்ந்து வந்துவிடும்; பெட்ரோல் காற்றைப்போல் 600 மடங்கு அடர்த்தியானது, அசைந்து வரச் சற்று நேரமாகும். அந்தக் கணத்தில் ஏற்கெனவே மெலிந்திருந்த கலவை இன்னும் மெலிந்து, எஞ்சின் விக்கி நின்றுவிடும். அலையின் முதுகில் ஏற வேண்டிய கணம் அதுதான். ஆகவே மிக நன்றாக ஓடும் நிலையைக் கண்டுபிடித்தபின், கலவை சற்றுத் தடிக்கும் பக்கமாகச் சிறிது திருப்பி விடுவதே என் கருத்தில் சரி. கொஞ்சம் புகைந்தாலும் கூப்பிட்டால் வரும்.

கிருஷ்ணாயில் ஓட்டம்

எங்கள் பக்கத்தில் கிருஷ்ணாயில் என்று சொல்லும் மண்ணெண்ணெயில் ஓடும் படகு எஞ்சின்கள் பல உண்டு. பெட்ரோலைவிட அது மலிவாகக் கிடைத்ததே காரணம். மீனவர்களுக்கு மானிய விலையிலும் அரசு வழங்கி வந்திருக்கிறது. 2012 வாக்கில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது கடைவாசல்களில் தடதடத்த சிறு ஜெனரேட்டர்கள் பல இந்த வகையே: பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது.

மாற்றுவதன் காரணத்தைப் பம்பு ஸ்டவ்வே சொல்லும். குளிர்ந்த ஸ்டவ்வில் காற்றடித்தால் திரவமாகப் பீச்சும். முதலில் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்திச் சூடாக்கினால்தான் ஆவியாகி நீலமாக எரியும். பெட்ரோல் பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழேகூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரிக்கு மேல் வேண்டும். எஞ்சினின் உட்சுவர் சூடாக இருக்கும் வரை மண்ணெண்ணெய் ஆவியாகும். மெல்ல ஓடவிட்டால் சுவர் குளிரும். குளிர்ந்தால் துளிகள் ஆவியாகாமல் பிளக்கை நனைக்கும். எனவே மண்ணெண்ணெயில் நீண்ட நேரம் ஐடிலிங் ஓட்டுவது நோயை விலைக்கு வாங்குவதாகும்.

கரை நெருங்கியதும் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்வது வழக்கம். எப்போது மாற்றுவது? குழாய் 8 மில்லிமீட்டர் உள்விட்டமும் 1 மீட்டர் நீளமும் இருந்தால் அதில் 50 மில்லிலிட்டர் மண்ணெண்ணெய் நிற்கும். கிண்ணத்தில் ஒரு 25. இந்த 75 மில்லிலிட்டரும் எரிந்து முடிந்தால்தான் பெட்ரோல் வந்து சேரும். முழு வேகத்தில் அதற்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஐடிலிங்கில், மணிக்கு 0.7 லிட்டர் செலவு என்றால், ஆறு நிமிடத்துக்கு மேல்! வேகத்தைக் குறைத்தபின் அடைப்பானைத் திருப்புகிறவர், அலைகளுக்கு நடுவே இன்னமும் மண்ணெண்ணெயில்தான் காத்துக்கொண்டிருக்கிறார். வேகமாக வரும்போதே, அலை உடையும் இடத்துக்கு வெகுதூரம் முன்பே திருப்ப வேண்டும்.

அடியில் தங்கும் நீர்

கடற்காற்றின் ஈரமும் தெறிக்கும் நீரும் எப்படியாவது டாங்கிக்குள் போய்விடும். நீர் கனமானதால் அடியில் தங்கும். உறிஞ்சும் குழாயும் ஜெட்டும் அடியில்தான் இருக்கின்றன. படகு ஆடாதவரை தெரியாது. ஆடியதும் ஒரு மிடறு நீர் உள்ளே போகும். கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தால் முத்துப்போல் உருளும் துளிகள் நீர். உள்ளே வெள்ளைப் பொடி படிந்திருந்தால் உப்புநீர் அலுமினியத்தை அரித்ததன் அடையாளம்.

இதில் ஒரு புதிய சிக்கல் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022இல் 10 விழுக்காட்டையும் 2025இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனால் நீரோடு உறவாடும். கொஞ்சம் நீரைப் பெட்ரோலுக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். 10 விழுக்காட்டுக் கலவையில் இந்த அளவு ஏறத்தாழ அரை விழுக்காடு. அதற்கு மேல் நீர் சேர்ந்தால், எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு நீரோடு சேர்ந்து அடியில் தனிப் படலமாகப் பிரிந்துவிடும். அந்த அடிப் படலத்தில் இரு வீச்சு எஞ்சினுக்கு உயிரான மசகெண்ணெய் கரைவதில்லை. அதை உறிஞ்சும் எஞ்சின் நிற்பது சிறு நட்டம். உராய்வில் பிஸ்டன் பிடித்துக்கொள்வது பெரு நட்டம். கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியர் மேற்பார்வையில், தீயின் அருகில் அல்லாமல், அளவுக் குடுவையில் 100 மில்லிலிட்டர் பெட்ரோலும் 10 மில்லிலிட்டர் நீரும் விட்டுக் குலுக்கிச் சற்று நிறுத்தினால் இதைக் காணலாம். அடியில் 10 மில்லிலிட்டர் நீர் இருக்க வேண்டிய இடத்தில் அதைவிட மிகுதியான திரவம் நிற்கும், கூடியது எத்தனால். பழைய ரப்பர் குழாய்களும் சவ்வுகளும் எத்தனாலில் உப்பித் தளர்வதும் உண்டு. ஆதலால் கடல் சீறும் நாட்களில் எஞ்சினைக் கரையில் ஏற்றி வைப்பவர்கள், கிண்ணத்தை வடித்து, டாங்கியில் பழைய பெட்ரோலை மாதக்கணக்கில் வைக்காதிருப்பது நலம். பிசினும் படலமும் சும்மா நிற்கும் எண்ணெயில்தான் உருவாகின்றன.

டீசலில் காற்று

நீண்ட தண்டின் முனையில் விசிறி சுழலும் டீசல் எஞ்சின் படகுகளும் நம் கரையில் நிறைய. இவற்றுக்குக் கார்புரேட்டர் இல்லை, பிளக் இல்லை, நோய் வேறு. வேலூர்ப் பக்கத்துக் கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் ஓட்டிய விவசாயிகளுக்கு அது நன்கு பழக்கம். 5 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு 1.2 லிட்டர் டீசல் எரித்து, நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடுகிறது என்று கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தெளிப்பு. மணிக்கு 45,000 தெளிப்புகள். ஒரு தெளிப்புக்கு வருவது சுமார் 27 கன மில்லிமீட்டர், அதாவது பக்கம் 3 மில்லிமீட்டர் உள்ள ஒரு சிறு கனசதுரம். இதைக் காற்றழுத்தத்தைப்போல் நூற்றைம்பது, இருநூறு மடங்கு அழுத்தத்தில் தெளிப்பானுக்குள் தள்ள வேண்டும். டீசல் அவ்வளவாகச் சுருங்காது; தள்ளினால் போகும். குழாயில் பட்டாணியளவு காற்றுக் குமிழி புகுந்துவிட்டாலோ, பம்பின் அழுத்தமெல்லாம் அதைச் சுருக்குவதிலேயே செலவாகி, அடுத்த கணம் அது மீண்டும் விரிந்துகொள்ளும். தெளிப்பான் திறக்கவே திறக்காது. டாங்கி ஒருமுறை வற்றினாலும், படகு சாய்ந்து உறிஞ்சு குழாய் ஒரு கணம் வெளியே தெரிந்தாலும் இது நேரும். பிறகு டாங்கியை நிரப்பினாலும் எஞ்சின் கிளம்பாது. வடிகட்டியின் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, நுரை வழிந்து முடிந்து தெளிந்த டீசல் வரும் வரை விட்டு இறுக்க வேண்டும். பின்பு தெளிப்பானுக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தி, கைப்பிடியைச் சுழற்றி, அங்கும் குமிழியில்லாமல் டீசல் துளிர்த்ததும் இறுக்கிவிட்டு மறுபடி சுழற்றினால், தெளிப்பான் "கிரிக்" என்று ஒலியெழுப்பும். அடுத்த சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.